கத்திக்கு முன்னே விலை

“ஒரு மாத்திரை இருபத்திரண்டு டாலரா? அப்படி என்ன மாத்திரை மேடம் அது?”

ஆஸ்பத்திரியின் பில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் விலைத்தாளை லொரெட்டாவின் பக்கம் திருப்பி, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பெயர் கிளைட் ஹோலிங்கர். ஐம்பது தாண்டியிருக்கும். ஹெர்னியா அறுவை சிகிச்சைக்கு விலை கேட்டு வந்திருந்தார். அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். லொரெட்டாவுக்கு அதுவே நடிப்பாகப் பட்டது.

“சாதாரண வலி மாத்திரைதான் சார்.”

“எதிர்க் கடையில இந்தக் காசுக்கு ரெண்டு பாட்டில் தருவான்.”

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆபரேஷன் அறைக்கு வாடகை கால் மணிக் கணக்கா, அரை மணிக் கணக்கா என்று கேட்டார். கடிகாரம் ஓடத் தொடங்குவது ஆளை உள்ளே தள்ளிக்கொண்டு போனதிலிருந்தா, கத்தி வைத்ததிலிருந்தா என்று கேட்டார். லொரெட்டா அந்த ஜன்னலில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். நோயாளிகள் அவளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தவணையில் கட்டலாமா?

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து, நிர்வாகி வெண்டலின் அறைக்குப் போனாள்.

கேள்வி கேட்கிற நோயாளியை இந்த வருஷம் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மாநிலச் சட்டசபை ஒரே சட்டத்தில் இரண்டு சமாசாரத்தை முடிச்சுப் போட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே எல்லாச் செலவையும் ஒன்று விடாமல் தாளில் எழுதி நோயாளியிடம் கொடுக்க வேண்டும். அப்படி ஒழுங்காகக் கொடுக்கிற ஆஸ்பத்திரிக்காக மட்டும், கடையில் விற்கும் சாமானுக்கு டாலருக்கு ஒரு சென்ட் வரி போடலாமா என்று அந்த மாவட்டத்து ஜனங்களிடம் ஓட்டுக் கேட்கலாம். தாளில் ஒரு தப்பு பிடிபட்டால் ஓட்டெடுப்பே ரத்து.

இங்கே ஓட்டெடுப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த ஒரு சென்ட் வராவிட்டால் பனி விழுவதற்குள் ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான், லொரெட்டாவின் ஜன்னல் உட்பட. ஊர்க் கடைக்காரர்கள் வேறு, ஒரு சென்ட் மிச்சம் பிடிக்க ஆறு டாலருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஜனங்கள் அடுத்த மாநிலத்துக்கு ஓடிவிடுவார்கள் என்று இப்போதே மூக்கால் அழுதுகொண்டிருந்தார்கள்.

“தலைநகர்லேர்ந்து வந்த இன்ஸ்பெக்டரா இருக்குமோன்னு பயமா இருக்கு வெண்டல்” என்றாள்.

வெண்டல் ஜன்னல் திரையை விலக்கி, வெளியே நின்ற பழைய பிக்கப் வண்டியைப் பார்த்தார். நம்பர் பலகை பக்கத்து மாவட்டத்துடையது.

“இன்ஸ்பெக்டர்னா நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்? வண்டிய இரவல் வாங்கியிருப்பான். நீ இனிக்க இனிக்கப் பேசு. காபி குடு, டோனட் குடு. ஆனா தாள்ல மட்டும் ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது, சொல்லிட்டேன்.”

லொரெட்டா காபியும் டோனட்டும் கொண்டுபோய் வைத்தாள். ஹோலிங்கர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இதையும் பில்லுல சேப்பீங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

முக்கால் மணி நேரம் போனது. கவுன் விலை, கையுறை விலை, தையல் நூல் விலை என்று எதையும் அவர் விடவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

“மயக்க மருந்து டாக்டர் பில்லைக் காணோமே. அது ரெண்டு மாசம் கழிச்சுத் தனியா வீட்டுக்கு வருமோ?”

லொரெட்டா பக்கத்தைப் புரட்டி, மூன்றாவது தாளில் அது இருப்பதைக் காட்டினாள். அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மொத்தம் ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். அவரே ஒரு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, அடியில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். இப்போது கேட்பது அவள் முறை.

“படிவத்துல எங்க வேலை பாக்கறீங்கன்னு எழுதலையே சார்.”

அது அவசியமா என்றார். இன்சூரன்ஸ் இருந்தால் அவசியம் என்றாள்.

“இருக்கு. ஆனா முதல் ஏழாயிரம் என் கைக்காசு. இந்த ஆபரேஷன் முழுக்க அதுலதான் போகும்.”

அவர் பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பர்ஸிலிருந்து இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து, ஜன்னல் கண்ணாடிக்கு அடியில் மெதுவாக நகர்த்தினார். வேலை தருபவர் என்ற இடத்தில் அச்சாகியிருந்தது பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியின் பெயர்.

லொரெட்டாவுக்குக் காது வரை சூடேறியது. இன்ஸ்பெக்டரே தேவலாம்.

“ஓ, உளவு பாக்க வந்தீங்களா? எங்க விலையத் தெரிஞ்சுக்கிட்டுப் போய் ஒரு டாலர் கொறச்சுப் போடறதுக்கு?”

“சத்தியமா இல்ல மேடம். வியாழக்கிழமை காலி இருந்தா என் பேரை எழுதிக்குங்க. முன்பணம் இப்பவே கட்டறேன்.”

அவர் செக் புத்தகத்தை வெளியில் எடுத்தும் அவள் நம்பவில்லை.

“உங்க ஆஸ்பத்திரியில இதே ஆபரேஷனுக்கு எங்களைவிட ரெண்டாயிரம் கம்மின்னு தாள்ல போட்டிருக்கீங்க. அந்தத் தாளைக் காட்டித்தானே போன வசந்தத்துல ஓட்டுல ஜெயிச்சு, ஒரு சென்ட் வரியும் வாங்கிட்டீங்க. அவ்வளவு மலிவா இருக்கறப்ப அங்கேயே படுத்துக்க வேண்டியதுதானே?”

ஹோலிங்கர் கண்ணாடி ஜன்னலுக்கு நெருக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அங்க அந்தத் தாளை எழுதறதே நான்தான் மேடம்.”