கை வைத்த பாட்டு

நாற்பது வருடத்துக்கு முன் தான் பாடிய பாட்டின் ரீமிக்ஸைக் கேட்டுச் சம்மதம் சொல்ல ஸ்டூடியோவுக்கு வந்த பாடகர், பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"பாட்டைக் கொலை பண்ணிட்டியேம்மா! சரணத்துல சுருதி விலகுது. மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது. சின்னப் பசங்களுக்குப் பிடிக்கணும்னு என் குரலையே கெடுத்து வச்சிருக்கே. கையெழுத்துப் போட மாட்டேன்!"

ரீமிக்ஸ் செய்யும் பெண் பாட்டை நிறுத்தினாள்.

"சார்... ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கும்னு முதல்ல பழசைப் போட்டேன். இப்ப நீங்க கேட்டது ஒரிஜினல். அதுல நான் கையே வைக்கலை."

பாடகர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எங்கே போடணும்? ட்ரம்ஸை மட்டும் நல்லா தூக்கலா வைம்மா. குரல் வெளியே கேக்கக் கூடாது."