பெண்கள் பக்கத்து விளம்பரம்

அறை விழுந்த வேகத்தில் அவள் தலை கார் ஜன்னலில் மோதித் திரும்பியது. உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவள் அழவில்லை. தலைக்கு மேலே மடங்கியிருந்த வெயில் மறைப்பை இறக்கி, அதிலிருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். விளிம்பைப் பிடித்துச் சரிசெய்து பார்த்துவிட்டு மேலே மடக்கினாள்.

"சாகப் போற நேரத்துலயும் மூஞ்சி பார்க்கணுமா உனக்கு?" காரை ஓட்டிக்கொண்டிருந்த கணவன் சிரித்தான்.

சிரிக்காமல் என்ன செய்வான்? அவன் விளம்பரக் கம்பெனி முதலாளி. இந்தக் காருக்கு விளம்பரம் செய்ததும் அவன் கம்பெனிதான். ஆண்கள் படிக்கும் பத்திரிகைகளுக்குத் தானே உட்கார்ந்து எழுதினான். உறுமும் எஞ்சின், பாயும் வேகம், 'அடக்கத் தெரிந்த ஆணுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. பெண்கள் வார இதழுக்கான விளம்பரத்தைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"ஆம்பளைக்கு எஞ்சினைக் காட்டு, பொம்பளைக்குக் கண்ணாடியைக் காட்டு. முடிஞ்சுது வேலை" என்பான் ஆபீசில். அந்த ஞானத்துக்குக் கிடைத்த கோப்பைகள் அவன் அலமாரியில் இடமில்லாமல் நின்றன.

"என்னை எங்கங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"வக்கீலைப் பார்க்கப் போனியாமே? விவாகரத்து கேக்குதா உனக்கு?" மறுபடியும் ஓர் அறை.

"எங்க போறோம்னாவது சொல்லுங்க."

வழக்கமாக இந்நேரம் காலில் விழுந்திருப்பாள். இன்று கேள்வி கேட்கிறாளே என்று அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் விரல்களைப் பிடித்து முறுக்கினான். ஏதோ ஒடிந்த சத்தம் கேட்டது, அவள் அலறினாள்.

"ஊருக்கு வெளியே பழைய கல்குவாரி இருக்குல்ல, அங்கதான். உன் பக்கத்துக் கதவு திறக்காது. நான் குதிச்சிடுவேன், வண்டி உன்னையும் சேர்த்து குவாரிக் குட்டைத் தண்ணிக்குள்ள போயிடும். பிரேக் பிடிக்கலைன்னு நாலு பேர்கிட்ட அழுதா போதும்."

உயிரோடு வீடு திரும்புவோமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"அக்காவும் இப்படித்தானா?"

அக்கா என்றது அவனுடைய முதல் மனைவியை. இவள் அவளைப் பார்த்ததில்லை. மொட்டைமாடியில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தான்.

"அவ வழுக்கலை. நான்தான் தள்ளினேன். போதுமா? தெரிஞ்சுக்கிட்டே போய்ச் சேரு!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கார் மண்பாதையில் திரும்பியது.

குவாரி வாசலில் இரண்டு போலீஸ் ஜீப்புகள் குறுக்கே நின்றன. பின்னால் இன்னொன்று வந்து வழியை அடைத்தது. அவன் அலறியடித்துக்கொண்டு மிதித்தான். பிரேக் அருமையாகப் பிடித்தது.

"நாம இங்க வர்றது எவனுக்குடி தெரியும்?" அவள் கழுத்தை நெரித்தான். "யாருடி சொன்னது?"

அவள் விரல் ஒடியாத கையால் வெயில் மறைப்பை இறக்கிக் காட்டினாள். கண்ணாடியின் விளிம்பில் ஒரு சின்னப் பொத்தான் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதைத்தான் பெண்கள் வார இதழில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். 'ஆபத்தா? அழுத்துங்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.'

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் பணிவாகப் பதில் சொன்னது.

"நீங்கதான் சார் சொன்னீங்க."