அவருக்குச் சொல்லுங்க டொக்டர்

"பல்லைப் புடுங்கப்படா எண்டு அவருக்குச் சொல்லுங்க டொக்டர்."

சபூரா டொக்டர் கெரனைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் கேட்க வேண்டியவன் அவளுக்கு இரண்டு முழத் தூரத்தில், கன்னத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். அவளுடைய மருமகன் றிஸ்லான்.

"புடுங்கினாத்தான் லேசு எண்டு மாமிக்குச் சொல்லுங்க டொக்டர். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கத்தாருக்குப் பயணம்," என்றான் அவன், கூரையைப் பார்த்தபடி.

கெரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்து ஏறாவூரில் இந்தக் கிளினிக்கைத் திறந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"நீங்க ரெண்டு பேரும் கோவமா?"

"சீ! என்னத்துக்குக் கோவம்?" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

பதிவு எழுதும் ஷஸ்னா அதே தெருக்காரி. சிரிப்பை அடக்கிக்கொண்டு கெரனின் காதருகே குனிந்தாள்.

"அது மரியாதை டொக்டர். எங்கட பழைய ஆக்கள் மருமகனோட நேரா நிண்டு கதைக்க மாட்டாங்க. அவர் கலியாணம் முடிச்சு மாமிட வீட்டுக்கு வந்து ஏழு வருஷம். இண்டைக்கும் கதவுக்குப் பின்னால நிண்டுதான் கதை."

"இஞ்ச கதவு இல்லையே?"

"அதுதான் நீங்க இருக்கிறீங்களே!"

கெரன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கடைவாய்க் கொடுப்புப் பல்லு. பல்லு உறுதியாத்தான் இருக்கு. ஆனா சொத்தை உள்ளுக்கு இறங்கி நரம்பு செத்துட்டு. வேர் நுனியில சீழ். மேலால துளை போட்டு, செத்த நரம்பை எடுத்து, வேருக்குள்ள இருக்கிற குழாயைக் கழுவி மருந்து வைப்பன். கிருமி அடங்கின பிறகுதான் நிரந்தரமா அடைக்கிற. கிழமைக்கு ஒருக்கா, மூண்டு தரம் வர வேணும்."

"நரம்பை எடுத்தா வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுமாமே?" என்றான் றிஸ்லான்.

"ஆரு சொன்ன? இது பல்லுக்குள்ள நூல் மாதிரி இருக்கிற நரம்பு. முகத்து நரம்பை நான் தொடவே மாட்டன்."

"புடுங்கினா?"

"இண்டைக்கே முடியும். ஆனா புடுங்குற அளவுக்கு அது கெடல்ல."

சபூரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கிணத்துக்குள்ள எலி செத்துக் கிடந்தா எலியத்தானே எடுக்கிற, கிணத்தையா தூர்க்கிற எண்டு கேளுங்க டொக்டர்."

"கிணத்துக்குக் கத்தாருல வேலை இல்லையே எண்டு சொல்லுங்க டொக்டர்."

கெரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சீழோட பிளேன் ஏறினா மேல போகப் போக நோவு கூடும் தம்பி. கொம்பனிக்கு நான் கடிதம் தாறன். என்ன செய்வம்?"

றிஸ்லான் பெருமூச்சு விட்டான். "மாமிட விருப்பம்."

வாய் விறைக்க ஊசி போட்டாயிற்று. சபூராவும் ஷஸ்னாவும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கீச்சென்று கேட்டது.

ஷஸ்னாவுக்கு மனம் பொறுக்கவில்லை.

"மாமி, அவர் சொன்ன நாளுக்குப் போகாட்டி வேலைக்கு ஏதும் வந்தா?"

"வேலை போனா வேற வேலை வரும். பல்லு வருமா?"

"ஒரு பல்லுத்தானே."

"உனக்கு ஒரு பல்லு. எனக்கு மருமகன்ட பல்லு."

இதற்குமேல் என்ன கேட்பது? ஷஸ்னா பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாள். இவ்வளவு பிடிவாதக்காரியோடு அந்த மனிசன் ஏழு வருஷமாக எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று இருந்தது அவளுக்கு.

முக்கால் மணித்தியாலத்தில் றிஸ்லான் வெளியே வந்தான். ஒரு பக்கம் வாய் தொங்க, மாமி இருந்த பக்கம் தலையை மட்டும் அசைத்துவிட்டு, மோட்டர் சைக்கிளை எடுக்கப் போனான்.

அவன் வாசலைத் தாண்டியதும் சபூரா விறுவிறென்று உள்ளே போனாள். பின்னாலேயே ஷஸ்னாவும் போனாள்.

"மகள், உங்களிட்ட ஒண்டு கேக்கட்டா?" இப்போது அவளுடைய குரல் வேறாக இருந்தது. "மூண்டு தரத்தை நாலாக்க ஏலாதா?"

"ஏன் உம்மா?"

"என்ட மகளுக்கு இது எட்டு மாசம். நில்லுங்க எண்டு நான் எப்பிடிச் சொல்ற? உழைக்கப் போறவர மறிச்ச மாமி எண்டு ஊர் சொல்லும். அவரும் நிக்க மாட்டார். பொண்டாட்டி ஊட்ட குந்திக்கிட்டுத் தின்னுறான் எண்டு ஆரும் சொல்லிருவாங்களோ எண்டு பயம். நேத்துப் பல்லு நோகுதெண்டு மகள் வந்து சொன்னா. அல்லாஹ்வே தந்த நோவு எண்டு நினைச்சன்."

கெரன் கையுறையைக் கழற்றினாள்.

"பொய் சொல்லத் தேவையில்ல உம்மா. நரம்பு எடுத்த பல்லு லேசா உடையும். அதுக்கு மேல உறை போட வேணும். நாலாந்தரம் வரத்தான் வேணும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" சபூராவின் முகம் மலர்ந்தது. வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறும்போது அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஷஸ்னாவுக்கு என்னவோபோல் இருந்தது. கம்பியூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"கொம்பனிக் கடிதத்துல எத்தனை நாள் போடுற டொக்டர்?"

கெரன் மேசையிலிருந்த துண்டுக் கடதாசி ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினாள். வாய் விறைத்திருந்ததால் றிஸ்லான் எழுதிக் கேட்டது.

"டொக்டர், நாப்பது நாள் போடுவீங்களா? மூத்தவன் பொறக்கைக்குள்ளயும் நான் இஞ்ச இல்ல."