முதற்பலன்

“அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் வாழக்குலையும் மரச்சீனிக் கெழங்கும் கொண்டு போறாவ. நாம என்ன, உங்க புல்லக் கொண்டு போவமா?” என்று நேசம்மாள் கணவனிடம் பொரிந்தாள்.

இஸ்ரவேல் சிரித்தார். காடைச் சத்தமே ஊரில் அற்றுப்போயிற்று என்று, மரச்சீனி போட்ட நிலத்தில் பாதியைப் புல்லுக்கும் புதருக்கும் விட்டுவிட்டவர் அவர். மருந்தடிப்பதையும் நிறுத்தியாயிற்று. மூன்று வருடமாகியும் அவள் கண்ணில் ஒரு காடைகூடப் படவில்லை.

“ஏட்டி, கொண்டு போக ஒரு சாதனம் இருக்கு” என்று சின்ன டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார்.

வேதக்கோயிலில் காணிக்கைகளை ஏலம் கூவிக்கொண்டிருந்த ஸ்டெனி அதைத் திறந்தான். உள்ளே பஞ்சின்மேல் உடைந்த முட்டை ஓடுகள்.

“இதென்ன மாமா, கீரி தின்ன மிச்சமா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நேசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கீரி தின்னா நொறுங்கிக் கெடக்கும் மக்கா. இதுக்க விளிம்பப் பாரு. மூடி தொறந்தாப்புல வட்டமா இருக்குல்லா? உள்ள இருந்து குஞ்சு கொத்தித் தொறந்தது. காடைக்குஞ்சு.”

ஸ்டெனி முட்டை ஓடு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“குஞ்சு எல்லாம் இப்ப எங்க மாமா?” என்று ஸ்டெனி மெல்லக் கேட்டான்.

இஸ்ரவேல் வாயைத் திறக்குமுன் நேசம்மாள் முந்திக்கொண்டாள்.

“எங்க புல்லுக்குள்ள.”