மைக்செட் பேட்டரியின் கூட்டம்

விண்கலங்களுக்கும் பெரிய கடைகளுக்கும் மின்சாரம் தேக்கித் தரும் புதுக் கம்பெனி அது. புது பேட்டரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வாங்கிய பழைய மைக்செட் பேட்டரி, வேலை முடிந்து மூலையில் கிடந்தது.

"உங்க காலத்துல சார்ஜ் எத்தனை நாள் நிக்கும், பெரியவரே?" என்று அலமாரியிலிருந்து கேட்டது புது பேட்டரி.

"நிக்கிறதா? ஒரே கூட்டத்துல தீர்ந்துடும். மில் வாசல்ல அந்தக் கைதட்டல் இருக்கே, தம்பி! பேசுறவருக்கு சோடா கொடுப்பாங்க, எனக்கு மூடியைத் திறந்து தண்ணி ஊத்துவாங்க."

"நான் பத்து வருஷமானாலும் குறைய மாட்டேன்."

"அப்போ நீ பேட்டரி இல்லடா, பூட்டின பீரோ."

அன்று, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட துப்புரவுப் பெண்களுக்காக மற்ற தொழிலாளர்கள் கம்பெனி வாசலில் கூடினார்கள். மைக்குக்கு மின்சாரம் தர நிர்வாகம் மறுத்துவிட்டது. குப்பையில் போடச் சொல்லியிருந்த பழைய பேட்டரியைத் தேடி, அவர்களில் ஒருத்தியான பவுனம்மாள் உள்ளே வந்தாள்.

'ஒரே ஒரு கூட்டம், தாயே' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டது பழையது.

"போனா மானம் போயிடும். உங்ககிட்ட சார்ஜே இல்ல" என்றது புதியது.

"நீ போயேன்."

"நானா? நான் விண்வெளிக்குப் போறவன். இங்கேயா செலவாகுறது?"

பவுனம்மாள் பழையதை இடுப்பில் தூக்கிப் போய் மைக்கில் இணைத்தாள். "தோழர்களே!" என்ற அவள் குரல் தெருக்கோடி வரை கேட்டது. அத்தோடு மைக் அடங்கிவிட்டது. பேட்டரி கூசிப்போனது.

"அதான் கேட்டுச்சில்ல? கிட்ட வாங்க" என்றாள் பவுனம்மாள்.

கூட்டம் நெருங்கி வந்து பேட்டரியைச் சுற்றி உட்கார்ந்தது. எத்தனையோ கூட்டம் பார்த்த அதன் பக்கத்தில், யாரும் இப்படி ஒட்டி உட்கார்ந்ததே இல்லை.