ஜூலை பதினாலு

“ஏலே புகழேந்தி, இது என்னலே?”

முதலாளி சீனிவாசகம் ஒரு தேதித் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

சாமி படத்துக்கு மாலை போட்டாயிற்று. தேங்காய் உடைப்பதுதான் பாக்கி. எங்கள் பிரஸ்ஸில் ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்ட பிறகுதான் அடுத்த வருஷக் காலண்டர் வெளியே வரும். அதற்கு முன் சாம்பிளில் ஒரு தாள்கூட கேட்டைத் தாண்டக் கூடாது. போன வருஷம் ஒரு சாம்பிள் காணாமல் போனது. எடுத்தவன் யாரென்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்புவேன் என்று இதே சாமி படத்தின் முன்னால் முதலாளி சத்தியம் செய்திருக்கிறார்.

புகழேந்தி என் வீட்டுக்காரர்.

தேதித் தாளின் அடியில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு வரி இருக்குமே, அதை எழுதுவது அவர் வேலை. விமானம் பறந்த நாள், நிலாவில் கால் வைத்த நாள், அம்மைக்கு ஊசி கண்டுபிடித்த நாள் எல்லாம் அவருக்கு நுனி நாக்கில் இருக்கும். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் மட்டும் முழிப்பார். சித்திரை பிறந்ததும் அடுத்த வருஷத்துக்குக் குடிபோய்விடுகிற மனுசன். நான்தான் இங்கே தனியாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

நானும் இதே பிரஸ்ஸில்தான், காலண்டருக்குத் தகரம் அடிக்கிறேன். வந்து ஒரு வருஷம் ஆகிறது.

முதலாளி தாளைச் சத்தமாகப் படித்தார்.

“ஜூலை பதினாலு. வரலாற்றில் இன்று, ஒன்றும் நடக்கவில்லை.”

மிஷின் ஓட்டுகிற மொக்கைச்சாமி சிரித்துவிட்டார்.

“பிரெஞ்சுக்காரன் ஜெயிலை உடைச்ச நாளுலே இது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையக் கேட்டாச் சொல்லும். உனக்குத் தெரியாதா?”

தெரியும். வருஷா வருஷம் அந்தத் தேதியில் அந்த ஜெயிலை உடைக்கிறவரே இவர்தான். மறுநாள் காமராஜர் பிறந்த நாள். அதற்கு எங்கள் மாவட்டத்தில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவி மனுசன், என்னிடம்கூடச் சொல்லாமல் எழுதியிருக்கிறார்.

“நல்ல நேரம் முடியப் போவுது. வேற வரி எழுது. இல்லைன்னா வேற பிரஸ் பாத்துக்க.”

அவர் பேனாவைத் தொடவில்லை. இந்த வீம்பு எங்கிருந்து வந்ததோ. எனக்கு வாய் சும்மா இருக்குமா? கையில் இருந்த தகரத்தைக் கீழே வைத்தேன்.

“மொதலாளி, போன வருசம் அன்னைக்குத்தான் புதுப்பட்டியில நான் வேலை பாத்த பட்டாசு ரூம் வெடிச்சது.”

மொக்கைச்சாமியின் சிரிப்பு நின்றது. அந்தப் பேச்சு வந்தால் எங்கள் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

“சனிக்கிழமை மருந்தை மிச்சம் வச்சு, திங்கக்கிழமை தானா வெடிச்சதே, அந்த ரூமா? உள்ள ஆளே இல்லைன்னுல்ல பேப்பர்ல போட்டிருந்தான்.”

“ஆமா மொதலாளி. நானும் தங்கத்தாயும் இருக்கிற ரூமு. நான் வரலைன்னதும் ரூமைத் தெறக்காம அவளை லேபிள் ஒட்ட அனுப்பிட்டாக. எங்கம்மா தவறின வருசம் அது. அமாவாசைக்கு அமாவாசை நான் வேலைக்குப் போறதில்லை.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாளி அவர் அப்பா காலத்திலிருந்து காலண்டர் அடிக்கிறவர். எந்த அமாவாசை எந்தத் தேதியில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

“போன வருசம் ஜூலை பதினாலுல ஏதும்மா அமாவாசை?” என்று மெல்லக் கேட்டார். “அது இந்த வருசமுல்ல.”

அதுதான் நடந்தது. பிழை பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த வருஷச் சாம்பிளை என் வீட்டுக்காரர், பழக்கதோஷத்தில் ஆணியில் மாட்டி, அன்றையத் தேதிவரை கிழித்தும் விட்டார். அதில் அமாவாசை என்று போட்டிருந்தது; கிழமையை யார் பார்த்தார்கள்? நான் தலைக்குக் குளித்து, வடை சுட்டு, இலை போட்ட பிறகு பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் வந்து, இன்றைக்கு ஏது அமாவாசை என்றாள். காக்கை மட்டும் வந்து சாப்பிட்டது. அதற்குக் காலண்டர் தெரியாது. சீசன் நேரத்தில் ஒரு நாள் வேலை போச்சே என்று, மத்தியானம் சாப்பிட வந்த மனுசனைக் கரண்டியும் கையுமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதித் திட்டில் எங்கள் நாரணாபுரம் வீடுவரை வெடிச்சத்தம் கேட்டது. மீதித் திட்டை நான் இன்னும் திட்டவில்லை.

முதலாளி தாளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அந்தச் சாம்பிள் இப்ப எங்கன இருக்கு?”

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

“சுவத்துலதான் தொங்குது மொதலாளி. ஜூலை பதினாலோட நிக்குது. அதுக்கு மேல கிழிக்க மனசு வரலை.”

முதலாளி அந்தத் தாளை மற்றத் தாள்களோடு சேர்த்து, ஓரம் தட்டி, மொக்கைச்சாமியிடம் கொடுத்தார். மாற்றி எழுத அவர் பேனா கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமி படத்தின் முன்னால் போய் நின்று கும்பிட்டார்.

“போன வருசச் சாம்பிளை எவன் எடுத்தான்னு கடைசிவரைக்கும் தெரியாமலே போச்சு சாமி” என்றார். அப்புறம் திரும்பாமலே சொன்னார்.

“ஏலே புகழேந்தி, தேங்காயை உடை.”