குழந்தைக்கு ஆகாத படம்

"இது குழந்தைங்க பார்க்கிற படமா, குரல்காரரே? போஸ்டரைப் பார்த்தாலே பயமா இருக்கு!"

கொதிக்கிற எண்ணெயிலிருந்து பாவுர்சாக் என்ற மாவு உருண்டைகளை அள்ளிப் போட்டபடி கேட்டாள் ரவ்ஷான். புருஷனின் தம்பியைப் பேர் சொல்லி அழைப்பது கசாக் வீட்டு மருமகள்களுக்கு வழக்கமில்லை. கொழுந்தன் எர்கின் வெளிநாட்டுப் படங்களுக்குக் கசாக் மொழியில் குரல் கொடுப்பவன். கல்யாணமாகி வந்த வாரமே அவள் அவனுக்கு வைத்த பட்டப்பேர்தான் 'குரல்காரர்'.

"பொம்மைப் படம்தானே அண்ணி. எல்லாம் நம்ம தொங்குமூக்கு மானுங்கதான். நான்கூட ஒரு கிழட்டு மானுக்குப் பேசியிருக்கேன். இங்காரும் சித்தப்பா குரலைக் கேட்கட்டுமே."

"மானா இருந்தா என்ன? கீழ் வீட்டுப் பிள்ளை பார்த்துட்டு வந்து மூணு நாளா தூங்கலையாம். ஓநாய் துரத்துதாம், ஏரியில பனி உடையுதாம், அப்பா மான் உள்ளே போயிடுதாம். பொம்மைப் படத்துல இதையெல்லாம் எவன் வைப்பான்?"

"பிள்ளைங்க தாங்கிக்கும் அண்ணி."

"ஒத்தைக்கட்டைக்கு என்ன, சொல்லலாம்! ராத்திரி அலறினா தூக்கி வெச்சுக்கப் போறது நான்தானே?"

வேறு நாளாக இருந்தால் எர்கின் பதிலுக்குப் பதில் வாயாடியிருப்பான். இன்று தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரவ்ஷான் குரலைத் தாழ்த்தினாள்.

"இதோ பாருங்க. உங்க அண்ணன் லாரி எடுத்துட்டுப் போயி ஆறு நாள் ஆச்சு. நாலு நாளா போன் இல்லை. பனிப்புயல்ல டவர் விழுந்துடுச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. எனக்கே உள்ளுக்குள்ள உதறுது. இவ வேற 'அப்பா எப்போ வருவார், அப்பா எப்போ வருவார்'னு உசுரை எடுத்தா. முந்தாநாள் உங்களோட உங்க பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டு வந்தப்புறம்தான் கேட்கிறதையே விட்டிருக்கா. சின்னப் பிள்ளை, மறந்துட்டா. இந்தப் படத்தைக் காட்டி மறுபடி கிளப்பி விடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எட்டு வயது இங்கார் கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். பொத்தான்களை ஒன்று மாறி ஒன்று போட்டிருந்தாள்.

"போலாம்மா. நீயும் வரணும்."

"வேணாம்டா கண்ணு. பயந்துடுவே."

"நான் அழ மாட்டேன்மா. நீ பக்கத்துல இரு, போதும்."

மகள் இரண்டு நாளாக வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் இதுதான். ரவ்ஷான் அடுப்பை அணைத்தாள். புருஷன் வந்தால் தின்னட்டும் என்று பாவுர்சாக்கைத் துணி போட்டு மூடி வைத்தாள்.

தியேட்டர் வாசலிலும் அவளுக்கு ஆறவில்லை. டிக்கெட் கிழிக்கும் பெண்ணிடம் சண்டைக்குப் போனாள்.

"ஆறு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கீங்களே, இதை யாராவது பார்த்துட்டுத்தான் போட்டீங்களா?"

"அழுதுகிட்டேதான் வெளியே வருதுங்க," என்றாள் அவள். "ஆனா மறுபடியும் வருதுங்களே!"

மதியக் காட்சி. விளக்கு அணைந்த பிறகும் பின்வரிசைகளில் யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரையில் ஓநாய்கள் வந்ததும் ரவ்ஷான் உள்ளங்கையால் மகளின் கண்ணை மூடினாள். இங்கார் அந்தக் கையை மெல்ல விலக்கி, தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். கடைசிவரை விடவில்லை.

மந்தை உறைந்த ஏரியைக் கடந்தது. கரையில் பெண் மான் காத்து நின்றது. கிழட்டு மான் தலை குனிந்து அதனிடம் வந்தது. எர்கினின் குரல் தியேட்டர் முழுக்கக் கேட்டது.

"தாயே, ஏரி எங்க எல்லாரையும் தாங்கிச்சு. கடைசியா வந்தவனை மட்டும் தனக்குன்னு வெச்சுக்கிச்சு."

ரவ்ஷான் மறு கையால் கண்ணைத் துடைத்தாள். அதை மறைக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தனைச் சீண்டினாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க. என்ன, நீங்க பேசினதுக்கு நீங்களே அழறீங்களா?"

எர்கின் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தான்.

விளக்குகள் எரிந்தன. எழுந்து திரும்பிய ரவ்ஷான் அப்படியே நின்றாள். பின்னால் மூன்று வரிசை நிறையப் புருஷன் வீட்டுப் பெரியவர்கள். பெரியப்பாவும் வெள்ளைத் தாடிக் கிழவர்களும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். பெண்கள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தியிருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி இல்லை.

இந்த மண்ணில் சாவை நேராகச் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடி வந்து, பறந்துபோன பருந்தின் கதையையோ திரும்பி வராத குதிரையின் கதையையோ சொல்வார்கள். கேட்கிறவள்தான் புரிந்துகொள்ள வேண்டும். ரவ்ஷானுக்குப் புரிந்துவிட்டது. உலகமே கையை விட்டுப் போன அந்த நேரத்திலும் மகளை இழுத்து, அவள் காதுகளைத் தன் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்! பிள்ளை முன்னாடி யாரும் வாயைத் திறக்காதீங்க! அவளுக்குத் தெரியக் கூடாது!"

கோட்டுக்குள்ளிருந்து இங்கார் மெல்லத் தலையை வெளியே எடுத்தாள். அம்மாவின் கன்னத்தைத் தன் கையுறையால் துடைத்தாள்.

"எனக்கு முந்தாநாளே தெரியும்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பெரிய தாத்தா வீட்ல எல்லாரும் அழுதுட்டே இருந்தாங்க. நான்தான் உன்னை இந்தப் படத்துக்குக் கூட்டிட்டு வரச் சொன்னேன்."